மயிரிழையில் வாழும் எஞ்சின்

சென்ற ஆண்டுப் பொங்கலன்று நம் மாணவர் சங்க நண்பர்கள் பத்துப் பேர், தெற்குக் கொல்கத்தாவில் வாழும் ஒரு தமிழ்ப் பெரியவர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். வயிறாரச் சாப்பிட்டு வெளியே வந்தபோது, வாசலில் தார்ப்பாய் போர்த்தி ஒரு சிறிய மோட்டார் வண்டி நிற்பதைக் கண்டோம். "இன்னும் ஓடும், பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் சாவியைத் திருகினார். ஓடத்தான் செய்தது. ஆனால் முதலில் நெடுநேரம் இருமியது. பிறகு நீலப் புகையைக் கக்கியது. கொசு மருந்து அடிக்கும் வண்டி வந்துவிட்டது என்று எண்ணி எதிர்வீட்டு அம்மையார் சன்னலைச் சாத்திக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். பெரியவர் சிரிக்கவில்லை.

நான் பௌதிகம் படிப்பவன் என்று அறிந்ததும், "தம்பி, இந்தப் புகை ஏன் வருதுன்னு உன் படிப்பு சொல்லுமா?" என்று கேட்டார்.

நண்பர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கார்னோ சுழற்சியைக் கரும்பலகையில் பிழையின்றி வரையத் தெரிந்தவன் நான். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து. அதன்பின் எட்டு மாதங்கள், ஞாயிறுதோறும், அந்த எஞ்சினைக் கழற்றி மீண்டும் பூட்டும் வேலையில் கழித்தேன். எஞ்சினைப் புதுப்பிப்பது என்றால் பழைய இரும்பை எறிந்துவிட்டுப் புதிய இரும்பை வைப்பது என்று எண்ணியிருந்தேன். அஃது அன்று. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளியைத் திருப்பித் தருவதுதான் புதுப்பித்தல். அந்த இடைவெளியோ ஒரு தலைமயிரின் பருமனே! அதனை விளக்குவதே என் நோக்கம்.

வண்டியின் பூர்வோத்தரம்

இந்த வண்டியின் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் நம் நாட்டு வண்டியாக உருவாயிற்று. கொல்கத்தாவை அடுத்த உத்தரப்பாராவில் அம்பாசடர் பிறந்தது. சென்னையில் ஹெரால்டு பிறந்தது. பெரியவரும் சென்னையிலிருந்து சுருக்கெழுத்தாளர் வேலைக்கு இங்கு வந்தவர். 1966-இல் செய்யப்பட்ட இந்த வண்டியை 1972-இல் இரண்டாங்கையாக வாங்கினாராம். "ரெண்டு பேரும் மெட்ராஸ், ரெண்டு பேருக்கும் இருமல்" என்பார்.

எஞ்சின் மிகச் சிறியது. நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டம் 63 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 76 மி.மீ. பரப்பையும் உயரத்தையும் பெருக்கி, நான்கால் பெருக்கிப் பாருங்கள்: 948 கன சென்டிமீட்டர் வரும். நம் வீட்டுப் பாற்சொம்பு ஒன்றின் கொள்ளளவுதான்! முன்மூடி முழுவதும் முதலை வாய் திறப்பதுபோல முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். எஞ்சின் கற்க விரும்பும் மாணவனுக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

மூன்று யோசனைகள்

பெரியவருக்கு மூன்று யோசனைகள் சொல்லப்பட்டன. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டார். பட்டறைக்காரர் ஒருவர், பழைய எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு இக்காலச் சிறுவண்டி ஒன்றின் எஞ்சினைப் பொருத்தித் தருவதாகச் சொன்னார். செலவும் குறைவு, வேலையும் பத்தே நாள். மூன்றாவது யோசனை, உள்ள எஞ்சினையே பிரித்துச் சீர்செய்வது.

இரண்டாவது யோசனையில் ஓர் இடர் இருந்தது. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டி ஒன்று மூல வடிவிலேயே பேணப்பட்டு, அதன் சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்படாமல் இருந்தால், அதனைப் பழம்பெரும் வண்டி என்று தனி வரிசை எண்ணில் பதிவு செய்யலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குக் கொண்டு செல்லலாம். எஞ்சினை மாற்றினால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

பெரியவருக்கு விதியைக் காட்டிலும் வேறொரு காரணம் பெரிதாகப்பட்டது. "உள்ளே இருக்கறதை எடுத்துட்டா அப்புறம் இது யாரோட வண்டி, தம்பி?" என்றார். ஆகவே மூன்றாவது யோசனையே உறுதியாயிற்று. பொருட்செலவு அவருடையது, உடலுழைப்பு என்னுடையது, அறிவு மல்லிக் பஜாரைச் சேர்ந்த ஒரு முதிய மிஸ்திரியுடையது. பார்க் தெருவின் கோடியில் உள்ள அந்த மல்லிக் பஜாரில், பழைய வண்டிகளின் உறுப்புகள் கூறு கட்டி வைத்த காய்கறிபோலக் கிடைக்கும். மிஸ்திரியை நான் 'சாச்சா' என்று அழைத்தேன். அவர் என்னை 'பேட்டா' என்றார்.

கழற்றுமுன் நாடி பார்த்தல்

ஸ்பானரை எடுத்ததும் கழற்றத் துடித்தேன். சாச்சா தடுத்தார். "நாடி பார்க்காமல் வயிற்றைக் கிழிக்கும் வைத்தியன் உண்டா?" என்றார்.

முதல் சோதனை அழுத்தச் சோதனை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்ற வேண்டும். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற பழைய கணக்கில், நான்கு சிலிண்டர்களும் முறையே 120, 115, 70, 110 என்று காட்டின. மூன்றாவதில் காற்று எங்கோ கசிகிறது. கசிவுக்கு வழிகள் முக்கியமாக இரண்டு: மேலே வால்வு, கீழே பிஸ்டன் ரிங். எந்த வழி என்பதை அறிய ஓர் எளிய தந்திரம் உண்டு. பிளக் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். எண்ணெய் ரிங்கைச் சுற்றித் தேங்கிச் சற்று நேரம் அடைப்பாக நிற்கும். வால்வுக்கு அதனால் பயன் இல்லை. எண்ணெய் விட்டதும் மூன்றாவது சிலிண்டர் 105-க்கு ஏறியது. குற்றவாளி ரிங்கும் சிலிண்டர்ச் சுவரும் என்று தெளிவாயிற்று. பெரியவர் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது: சுவரில் தங்கிய எண்ணெயை வழித்தெடுக்க வேண்டிய ரிங் தன் வேலையைச் செய்யவில்லை, எண்ணெய் மேலேறிப் பெட்ரோலோடு எரிகிறது, அதுவே நீலப் புகை.

இரண்டாவது சோதனைக்குக் கருவியே வேண்டாம். என்னைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, சாச்சா எஞ்சினின் முன்முனையில் உள்ள கப்பியை உற்றுப் பார்த்தார். மிதிக்கும்போதெல்லாம் கப்பி முன்னால் நகர்ந்தது. அவர் முகம் கறுத்தது. "புகையை விட இதுதான் ஆபத்து" என்றார். ஏன் என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

பிஸ்டனின் உலக யாத்திரை

எஞ்சினைச் சங்கிலிக் கப்பியால் தூக்கி இறக்கிப் பிரித்தோம். கழற்றிய ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்து, தனித்தனிச் சீட்டுக் கட்டினேன். பேரிங் மூடிகளை இடம் மாற்றிப் பூட்டினால் கிராங்க் தண்டு சுழலாமலே இறுகிவிடும். ஏனெனில் மூடியையும் அதற்குரிய இருக்கையையும் சேர்த்து வைத்தே துளையிட்டிருப்பார்கள்.

சிலிண்டரின் உள்ளே விரலை விட்டுத் தடவினால், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு வரம்பு தட்டுப்படும். அதற்கு மேலே ரிங் போவதில்லை. ஆகவே அங்கே இரும்பு தேயாமல் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழேதான் தேய்மானம் மிகுதி. இன்னும் கீழே வரவர அது குறைகிறது. ஏன் மேலே மட்டும் அவ்வளவு தேய்மானம்?

பிஸ்டன் வேகமாகப் போகும்போது, ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புகிறது. வேகம் சுழியாகும் அந்தக் கணத்தில் படலம் அறுந்துபோகிறது. அதே நேரத்தில்தான் மேலே பெட்ரோல் ஆவி வெடித்து, அதன் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு நெருக்குகிறது. வெப்பத்தால் எண்ணெயும் நீர்த்துப் போகிறது. மூன்று தீமைகளும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில்! மேலும் பிஸ்டனைத் தாங்கும் தண்டு சாய்வாக இயங்குவதால், சுவரின் ஒரு பக்கமே மிகுதியாக அழுத்தப்படுகிறது. இதனால் வட்டமாக இருந்த துளை முட்டை வடிவாகிறது.

இந்த வண்டி கடைசிக் கியரில் ஒரு கி.மீ. ஓட, எஞ்சின் ஏறத்தாழ 2,700 முறை சுழல வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் பிஸ்டன் 76 மி.மீ. ஏறி, 76 மி.மீ. இறங்குகிறது. கணக்கிட்டால், வண்டி ஒரு லட்சம் கி.மீ. ஓடும்போது பிஸ்டன் தன் சிறு கிணற்றுக்குள்ளேயே 41,000 கி.மீ. பயணம் செய்கிறது. நிலவுலகின் சுற்றளவோ 40,000 கி.மீ. உலகை ஒருமுறை சுவரை உரசிக்கொண்டே சுற்றி வந்த இரும்பு சற்றுத் தேய்ந்திருக்கிறது என்றால், அதில் வியப்பு இல்லை. இவ்வளவு குறைவாகத் தேய்ந்திருக்கிறதே என்பதுதான் வியப்பு.

எவ்வளவு தேய்ந்தது? பட்டறை வழக்கில் 'தௌ' என்று ஓர் அளவு உண்டு. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.025 மி.மீ. ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தோம். மூன்று சிலிண்டர்கள் நான்கைந்து தௌ தேய்ந்திருந்தன. மூன்றாவது சிலிண்டர் ஒன்பது தௌ, அதாவது 0.23 மி.மீ. இரண்டு மூன்று தலைமயிர்ப் பருமன்தான். அதற்குத்தான் அவ்வளவு புகை!

என் படிப்பு பலித்த இடம்

அடுத்தது கிராங்க் தண்டு. லேத்துப் பட்டறையில் ஒரு திருகு அளவியை இரவல் வாங்கி அளந்தேன். கணு ஒவ்வொன்றும் இரண்டு தௌ குறைவாகக் காட்டியது. அப்படியானால் தண்டைக் கடைந்து சிறிதாக்கி, அதற்கேற்பத் தடித்த பேரிங்குகளைப் போட வேண்டும். லேத்துக்காரர் தண்டைத் தூக்கிவிட்டார்.

அப்போது பள்ளிக்கூட ஆய்வகத்தில் முதல் நாள் சொல்லித்தந்தது நினைவுக்கு வந்தது. 'சுழிப் பிழை பார்த்தாயா?' அளவியின் பெட்டியிலேயே அதைச் சோதிக்க 25 மி.மீ. நிலைத்தண்டு ஒன்று இருந்தது. வைத்துப் பார்த்தேன். அளவி 24.96 என்றது. அதாவது, அளவியே 0.04 மி.மீ. குறைத்துச் சொல்கிறது! பிழையைத் திருத்திக் கணக்கிட்டால் கணுக்களின் தேய்மானம் அரைத் தௌ கூட இல்லை. தண்டைக் கடையவே வேண்டாம். மெருகிட்டு, அதே அளவில் புதிய பேரிங் போட்டால் போதும்.

பிளஸ் ஒன் வகுப்பில் அந்தச் சுழிப் பிழையை ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தேன். இங்கே அது ஒரு கிராங்க் தண்டைக் காப்பாற்றியது. இரும்பை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. ஆகவே இருமுறை அளக்காமல் ஒருமுறையும் வெட்டக் கூடாது.

இடைவெளி செய்யும் வேலை

அன்பர்கள் கேட்கலாம்: 'இடைவெளியே இல்லாமல் இறுக்கமாகப் பொருத்திவிட்டால் என்ன? தேய்வதற்கு இடமே இராதே?'

இதற்கு விடை தருகிறது ஒரு பழைய சோதனை. 1883-இல் இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரெயில் வண்டி அச்சின் பேரிங்குகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும், அத்துளை வழியே எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாக வெளியே பொங்கி வந்தது. அடைப்பான் வைத்தார், அதையும் தள்ளிக்கொண்டு வந்தது. அழுத்தமானியைப் பொருத்தியபோது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டியது. சுழலும் அச்சு தானே எண்ணெயைத் தன் அடியில் இழுத்து, ஆப்புச் செருகுவதுபோலச் செருகி, அதன்மேல் மிதக்கிறது என்பது விளங்கிற்று. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். நம் பாடநூலில் ஓட்டங்களுக்கு எண் கொடுத்தாரே, அதே ரெனால்ட்ஸ்தான்.

ஆகவே நன்றாக ஓடும் எஞ்சினில் இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை. எண்ணெயின்மேல் மிதக்கிறது. மிதப்பதற்கு இடைவெளி வேண்டும். மிகவும் குறைந்தால் எண்ணெய் புகாது, பேரிங் உருகிவிடும். மிகுந்தால் எண்ணெய் ஓரங்களில் வழிந்து ஓடிவிடும், படலம் நிற்காது. அச்சின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு தௌ என்பது பட்டறைகளின் பழங்கணக்கு. ஒரு தௌவுக்கும் இரண்டு தௌவுக்கும் நடுவே உள்ள அந்தச் சிறு வெளியில்தான் எஞ்சினின் உயிர் இருக்கிறது.

முதலில் பிஸ்டன், பிறகே துளை

மூன்றாவது சிலிண்டர் தேய்ந்துவிட்டதால் நான்கையும் கடைந்து பெரிதாக்க வேண்டும். ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் பிஸ்டன்களின் எடை மாறுபட்டு எஞ்சின் அதிரும். பிஸ்டனின் தலையைத் துடைத்துப் பார்த்ததில் '020' என்ற எண் தெரிந்தது. முன்பே யாரோ ஒருவர் ஒருமுறை 20 தௌ கடைந்திருக்கிறார். அடுத்த படி 30. அதற்கு அடுத்தது 40. ஒன்பது தௌ தேய்மானத்தைப் பத்துத் தௌவில் துடைத்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் தேய்மானம் ஒருபக்கமாக இருப்பதால், மையம் விலகாமல் வட்டமாகக் கடைய 30 போதாது. 40 தான் வழி. அதோடு எஞ்சின் 978 கன சென்டிமீட்டர் ஆகிவிடும்.

இங்கே சாச்சா ஒரு விதி சொன்னார்: பிஸ்டன் கைக்கு வராமல் துளையைத் தொடாதே. அச்சிட்ட அளவை நம்பிக் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடினால் இரண்டும் பொருந்தாது போகலாம். நான்கு பிஸ்டன்கள் கொண்ட பழைய பெட்டி ஒன்றைக் கண்டுபிடிக்க மல்லிக் பஜாரில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தோம். அம்பாசடருக்கு எல்லாம் கிடைக்கும் ஊரில் எங்கள் சென்னைப் பெண்ணுக்கு ஒரு வளையல் கிடைப்பதே அரிது!

பிஸ்டனுக்கும் சுவருக்கும் இரண்டு தௌ இடைவெளி விட்டுக் கடையச் செய்தோம். இதற்கும் பௌதிகக் காரணம் உண்டு. பிஸ்டன் அலுமினியம்; சுவர் வார்ப்பிரும்பு. 63 மி.மீ. அலுமினியம் நூறு டிகிரி சூடேறினால் 0.14 மி.மீ. பெருகும், அதே அளவு இரும்போ 0.07 மட்டுமே. தண்டவாளங்களுக்கு நடுவே வெயிலுக்கு இடம் விடுவதுபோல் இங்கே நெருப்புக்கு இடம் விட வேண்டும். பிஸ்டனே முழு வட்டமன்று. குளிர்ந்த நிலையில் சற்று நீள்வட்டமாகவும் தலைப்பக்கம் சிறுத்தும் இருக்கும். சூடேறிய பிறகுதான் தன் உண்மை வடிவத்தை அடைகிறது.

கடைந்து முடித்ததும் சுவரைக் கண்ணாடிபோல் விட்டுவிடுவார்கள் என்று எண்ணினேன். இல்லை, தேய்ப்புக் கற்களால் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டார்கள். நம் ஊரில் அம்மி வழவழத்துப் போனால் கொத்த வைப்போமே, ஏறத்தாழ அதே தத்துவம்! அந்தக் கோடுகளில் எண்ணெய் தங்கும். புதிய ரிங்கும் அவற்றில் உரசித்தான் சுவரோடு படியும்.

படிப்பு பலிக்காத இடம்

இப்போது கப்பி நகர்ந்த கதைக்கு வருவோம். கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராதபடி, பின்பக்கப் பேரிங்கின் இருபுறமும் பிறை வடிவத் தகடுகள் இரண்டு உண்டு. நாம் கிளட்சை மிதிக்கும்போது அந்தத் தள்ளுதல் முழுவதும் அவற்றில் ஒன்றின்மேல் விழுகிறது. தண்டின் நகர்ச்சி 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கலாம். இங்கே 0.5 இருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் தகடு நழுவிக் கீழே எண்ணெய்த் தொட்டியில் விழுந்திருக்கும். பிறகு சுழலும் தண்டு எஞ்சினின் உடலையே அரைக்கத் தொடங்கும். சிலிண்டர் தேய்ந்தால் கடையலாம். உடல் போனால் எல்லாம் போயிற்று. பெரியவர் காக்க விரும்பிய பொருளே அதுதான்.

புதிய தகடுகளை நானே பொருத்தினேன். நகர்ச்சியை அளந்தேன், 0.15. சுழிப் பிழையும் பார்த்துவிட்டேன். பெருமிதத்தோடு மூடிகளை முறுக்கி, அடித்தொட்டியையும் மாட்டிவிட்டேன். மாலையில் வந்த சாச்சா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேட்டா, தகட்டில் வரிப்பள்ளம் இருக்கிறதே, அது எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது?"

எனக்கு நினைவில்லை. அத்தகட்டின் ஒருபுறம் மென்மையான உலோகமும் எண்ணெய் ஓடும் பள்ளமும் உண்டு. அது சுழலும் தண்டை நோக்கி இருக்க வேண்டும். மறுபுறம் வெறும் எஃகு. திருப்பி வைத்தால் எஃகு தண்டைத் தின்றுவிடும். ஆனால் எப்படி வைத்தாலும் பருமன் ஒன்றே; அளவியும் 0.15 என்றே காட்டும். அளவு சரியாக இருந்தும் வேலை தவறாக இருக்கக் கூடும் என்பதை அன்று அறிந்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் மீண்டும் கழற்றினோம். ஒரு தகட்டை நான் திருப்பித்தான் வைத்திருந்தேன். சாச்சா ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் மட்டும் வரவழைத்துக் கொடுத்தார். வைதிருந்தால் மறந்திருப்பேன்.

ஈயமும் வால்வும்

நிற்க. பழைய எஞ்சினைப் புதுக்காலத்துக்குக் கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்ட நாளில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. எரிபொருள் முன்கூட்டி வெடிப்பதைத் தடுக்க அதைச் சேர்த்தார்கள். அதன் படிவு, புகை வெளியேறும் வால்வு வந்து அமரும் இருக்கைக்கு ஒரு மெத்தைபோலவும் பயன்பட்டது. ஆனால் ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆகவே 2000-ஆம் ஆண்டு நம் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. 2021-இல் உலகெங்கும் வண்டிகளுக்கு அதன் விற்பனை ஓய்ந்தது. நல்லதுதான். ஆனால் மெத்தை இல்லாத வார்ப்பிரும்பு இருக்கை, சூட்டிலும் அடியிலும் மெல்ல உள்வாங்குகிறது. இதற்காகப் புகை வால்வுகளின் இருக்கைகளைக் கடைந்து, கடினமான எஃகு வளையங்களைப் பதித்தோம். இக்காலப் பெட்ரோலில் கலந்துவரும் எதனால் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் குழாய்களையும் மாற்றினோம்.

மீண்டும் மூச்சு

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிறு காலை. பிளக்குகளை மாட்டாமலே எஞ்சினைச் சுழற்றி, எண்ணெய் எல்லா வழிகளிலும் ஏறி, எச்சரிக்கை விளக்கு அணையும் வரை காத்திருந்தோம். உலர்ந்த எஞ்சினை முதலிலேயே ஓடவிட்டால் எட்டு மாத உழைப்பு எட்டு நொடியில் போய்விடும். பிறகு பிளக்கை மாட்டினோம். பெரியவர் சாவியைத் திருகினார். முதல் முறை பேசவில்லை. இரண்டாம் முறை ஒரு தும்மல். மூன்றாம் முறை பற்றிக்கொண்டது.

சில நிமிடம் வெள்ளைப் புகை வந்தது. பூட்டும்போது நாங்கள் தடவிய எண்ணெய் எரிந்தது. பிறகு புகைக்குழாயின் பின்னால் கைக்குட்டையைப் பிடித்தேன். நீலக் கறை இல்லை. எதிர்வீட்டு அம்மையார் சன்னலைத் திறந்தே வைத்திருந்தார்.

இன்னும் எல்லாம் முடிந்துவிடவில்லை. முதல் 800 கி.மீ. வரை விரைந்து ஓட்டக் கூடாது. ஏற்றத்தில் திணறவிடவும் கூடாது. புதிய ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று பழகும் காலம் அது. பிறகு எண்ணெயை மாற்றி, தலைப்பகுதியின் நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி மீண்டும் முறுக்க வேண்டும். கியர்ப் பெட்டி இரண்டாம் கியரில் ஊளையிடுகிறது. அது அடுத்த ஆண்டுப் பாடம். பழம்பெரும் வண்டிப் பதிவுக்கான விண்ணப்பமும் இனித்தான்.

முதல் ஓட்டத்தில் ஏரிக்கரை வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வீடு வந்ததும் எஞ்சினை நிறுத்தாமல் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். "இப்ப இருமல் எனக்கு மட்டுந்தான்" என்றார்.

நண்பர்களே, விடுதியிலும் ஆய்வகத்திலும் நம்மில் பலர் இயந்திரங்களின் சமன்பாடுகளோடு வாழ்கிறோம், இயந்திரங்களோடு வாழ்வதில்லை. அடுத்த சனவரியில் கியர்ப் பெட்டியைக் கழற்றப் போகிறோம். கை அழுக்காவதற்கு அஞ்சாதவர்கள் வரலாம். பழைய சட்டை ஒன்று போட்டுக்கொண்டு வாருங்கள். திருகு அளவி பிடிக்கத் தெரிந்தால் போதும்; தகட்டின் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைச் சாச்சா கேட்டுக்கொள்வார்.